'ரோல் பிளேயர்' – தமிழ்ச்சொல் வெள்ளிக்கு முன் வேண்டும்

மட்டக்களப்பு, மொழிபெயர்ப்பாளர்:
அன்பர்களே, பாடசாலைக் கூடைப்பந்துக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'ரோல் பிளேயர்' என்ற ஒரு சொல்லில் வண்டி நின்றுவிட்டது. நட்சத்திரமாக இல்லாமல், ஒப்படைத்த ஓரிரு வேலைகளைச் சரியாகச் செய்யும் ஆட்டக்காரர் அவர்.

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.யின் அணிகளுக்குச் சம்பள உச்சவரம்பு உண்டு. இரண்டு மூன்று நட்சத்திரங்களே அதில் பெரும்பங்கை விழுங்கிவிடுவார்கள். மிச்ச இடங்களைக் குறைந்த சம்பளக்காரர்களால் நிரப்ப வேண்டும். கெட்டிக்கார அணி எதுவென்று அங்கேதான் தெரியும். அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தெரிவு செய்யும் 1993 தேர்வில் புரூஸ் போவனை எவரும் எடுக்கவில்லை. பின்னர் சான் அன்டோனியோ அணியில் எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரை மறிப்பதும், மூலையில் நின்று மூன்று புள்ளி எறிவதும் அவர் வேலை. மூன்று புள்ளிக் கோடு கூடையிலிருந்து நடுவில் 23 அடி 9 அங்குலம், மூலையில் 22 அடிதான். 2003, 2005, 2007 என மூன்று கிண்ணங்கள். இப்படிப்பட்டவரைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'வகிபங்கு வீரர்' என்று எழுதினேன். எனக்கே வாசிக்கச் சகிக்கவில்லை.

காரைதீவு:
சகிக்காதுதான். 'வகி' வடமொழி. தமிழறிஞர் விபுலானந்த அடிகள் பிறந்த ஊரிலிருந்து இதற்கு ஒப்புதல் தர முடியாது.

தொல்காப்பியம், போர்க்களத்தைச் சொல்லும் தும்பைத் திணையில் 'கூழை தாங்கிய எருமை' என்கிறது. படை உடைந்து ஓடும்போது பின்னே தனியாக நின்று தாங்குபவனைச் சொல்வது அது. கூழை, படையின் பின்பகுதி. மகளிர் கூந்தலுக்கும் கூழை என்று பெயர். அதுவும் பின்னால் தொங்குவதுதானே! செய்யுளில் எதுகை, மோனை போன்ற தொடைகளுள் கூழைத் தொடையிலோ நாற்சீர் அடியின் கடைச்சீர் மட்டும் தொடையின்றி நிற்கும். ஆகவே, 'கூழையர்'.

காத்தான்குடி:
ஐயா, இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரே கூழை 'கூழைக்கும்பிடு'. ஒரு பையனிடம் 'நீ நம் அணியின் கூழையன்' என்றால் மறுநாளே கிரிக்கெட்டுக்குப் போய்விடுவான். எருமையைத் தயவுசெய்து அவிழ்த்துவிடாதீர்கள். கோல், பெனால்டி எல்லாம் நம்மோடு வாழவில்லையா? 'ரோல் பிளேயர்' என்றே விடுங்கள்.

காரைதீவு:
எருமை இழிவு என்று எந்த நூல் சொல்கிறது, தம்பி?

ஆரையம்பதி:
என் தகப்பனார் அண்ணாவியார், கூத்துப் பழக்கும் ஆசிரியர். கூத்துக் களரியில் அரசன் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் எடுத்துப் பாடுவார்கள். ஆடுகிறவருக்கு மூச்சுவாங்க நேரம் கிடைப்பது அதனால்தான். என் சித்தப்பா முப்பது வருடம் பிற்பாட்டுத்தான். ஒரு வருடம் காய்ச்சலில் படுத்துவிட்டார். அருச்சுனன் வேடக்காரன் இரண்டாம் தருவிலேயே, அதாவது இரண்டாம் பாட்டிலேயே, தடுமாறினான். 'பிற்பாட்டு வீரர்' பொருந்துமா?

மட்டக்களப்பு, மொழிபெயர்ப்பாளர்:
அக்கா, ஹூஸ்டன் அணியில் ஷேன் பட்டியர் என்ற ஆட்டக்காரரை மதித்ததும் இந்தக் கணக்கால்தான். அவர் எடுத்த புள்ளிகள் சொற்பம். அவர் களத்தில் நின்ற நேரத்தில் இரு அணிகளும் எடுத்த புள்ளிகளின் வித்தியாசத்தைப் பார்த்தார்கள். உங்கள் சித்தப்பாவுக்கும் அருச்சுனன் தடுமாறிய அன்றுதான் புள்ளி விழுந்திருக்கிறது. ஆனால் பந்தாட்டத்தில் பாட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்பார்களே.

செங்கலடி:
'உருள்பெருந்தேர்க்கு அச்சாணி அன்னார்' இருக்கும்போது ஏன் அலைகிறீர்கள்?

காத்தான்குடி:
பத்திரிகைகள் அணித்தலைவரைத்தானே அச்சாணி என்கின்றன? இவரோ யாரும் கவனிக்காதவர்.

செங்கலடி:
அப்படியானால் நம் மாட்டுவண்டிக்காரர் சொல்லும் 'கடையாணி'. சில்லு, அதாவது சக்கரம், கழலாமல் அச்சின் முனையில் செருகும் ஆணி. விலை சில்லறைக் காசு. படுவான்கரையில் நெல் ஏற்றும்போது எல்லோரும் மாட்டையும் சில்லையும்தான் பார்ப்பார்கள். ஆணி கழன்றால் சில்லு தனியாக வயலுக்குள் போகும்.

வாழைச்சேனை:
'கடை' என்றால் கீழ், இழிவு என்று பையன் நினைக்க மாட்டானா? கூழையனுக்குச் சொன்ன காரணம் இதற்கும் உண்டு. இன்னொன்று: பென் வாலஸையும் 1996இல் ஒருவரும் எடுக்கவில்லை. நான்கு முறை சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருது வாங்கியவரைக் கடையாணி என்பீர்களா?

காரைதீவு:
கடைக்கண் இழிவா? கடைக்கு வாயில், எல்லை என்றும் பொருள் உண்டு. தமிழ்தான், குற்றமில்லை. ஆயினும் கூழையில் உள்ள வீரம் இதில் இல்லை.

மட்டக்களப்பு, மொழிபெயர்ப்பாளர்:
வாலஸ் பிறகு நட்சத்திரமாகவே ஆகிவிட்டார்; அவரை விட்டுவிடலாம். வாழைச்சேனையாரின் முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நேற்று என் மகனிடம் 'நீ கடையாணி' என்று சொல்லிப் பார்த்தேன். "அது கழன்றால் என்ன ஆகும்?" என்று கேட்டான், அழவில்லை. 'கடையாணி வீரர்' என்று போட்டு, முதல் தடவை மட்டும் அருகில் 'ரோல் பிளேயர்' சேர்க்கிறேன். அச்சகத்தார் இரண்டு முறை அழைத்துவிட்டார்கள்.

காத்தான்குடி:
மைதானத்தில் 'ரோல் பிளேயர்' என்றுதான் கூப்பிடப் போகிறார்கள். சரி, போடுங்கள்.

காரைதீவு:
என் மறுப்பைப் பதிவு செய்க. கூழைக்கு உரையாசிரியர்கள் தரும் விளக்கத்தை நாளை தட்டச்சுச் செய்து அனுப்புகிறேன். அச்சகத்தைச் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள்.