தள்ளுகூரையை எந்தத் திசையில் தள்ளுவது?

தென்னந்தோப்பு:
பொள்ளாச்சிப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் 10க்கு 10 அடி அறை கட்டி, சக்கரத்தில் தள்ளித் திறக்கும் கூரை போட்டு, 8 அங்குல நியூட்டோனியன் தொலைநோக்கியை ஈக்குவடோரியல் மவுண்ட்டில் (துருவத்தை நோக்கிய அச்சில் சுழன்று நட்சத்திரங்களைத் தொடரும் தாங்கி) நிரந்தரமாக நிறுத்தப் போகிறேன். சுவர் 5 அடி, தொலைநோக்கிக் குழாயின் மையமும் அதே உயரம். தகர ஷீட், ஒருபக்கச் சரிவு, கூரை உயரம் ஒன்றரை அடி. வடக்கு வானம் கோவை நகர வெளிச்சத்தில் ஏற்கெனவே கெட்டதுதான். அந்தப் பக்கமே தள்ளிவிடலாமா? கேட் வீல் தாங்குமா?

சிரியஸ்8:
வடக்கு வேண்டாம். துருவ நட்சத்திரம் உங்களுக்கு 11 டிகிரி உயரம்தான். 5 அடி தூரத்தில் ஒன்றரை அடி கூரை நின்றால் அடிவானிலிருந்து சுமார் 17 டிகிரி மறைந்துவிடும். தெற்கை நினைக்கவே நினைக்காதீர்கள்: தென்வானத்து ஈட்டா கரினா நட்சத்திரம் உச்சத்திலேயே 20 டிகிரியைத் தொடாது, நம் ஊரின் சொத்தே அந்த வானம்தான். கிழக்கே தள்ளுங்கள். கிழக்கில் மறைவது ஒரு மணி நேரம் பொறுத்தால் மேலே வந்துவிடும். மேற்கில் போனது போனதுதான்.

இரும்புக்கடை:
வீல் பிரச்சினையே இல்லை. 2 அங்குல சதுரக் குழாய்ச் சட்டம், ஷீட் எல்லாம் சேர்த்து 150 கிலோ சொச்சம். பக்கத்துக்கு மூன்றாக 3 அங்குல வீல் ஆறு போதும். ஆனால் இரண்டு பக்கமும் வி-வீல் (V வடிவப் பள்ளமுள்ள சக்கரம்) போடாதீர்கள். தண்டவாளம் அரை அங்குலம் விலகினாலும் சிக்கும். ஒரு பக்கம் கவிழ்த்த ஆங்கிளில் (L வடிவ இரும்பு) வி-வீல், மறுபக்கம் இரும்புப் பட்டையில் தட்டை வீல்.

பயப்பட வேண்டியது காற்றுக்கு. பாலக்காட்டுக் கணவாய் எதிரில் இருக்கிறது. 100 கி.மீ. வேகத்தில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 47 கிலோ அழுத்தம். 11க்கு 11 அடி கூரையை 500 கிலோ விசை தூக்கப் பார்க்கும். நான்கு மூலையிலும் 12 மி.மீ. டர்ன்பக்கிள் (திருகி இறுக்கும் கொக்கி). அதன் கொக்கியைச் செங்கல்லில் பதித்தால் மேல்வரியோடு பெயர்ந்து வரும். சுவர் தலையில் கம்பி கட்டி பெல்ட் கான்கிரீட் போட்டு அதில் பதியுங்கள். திறந்து வைக்கும்போதும் கம்பி செருகும் (pin) பூட்டு ஒன்று வேண்டும்.

தென்னந்தோப்பு:
கிழக்கே என்றே முடிவு. தொலைநோக்கியைத் தாங்கும் தூணைத் தரைக் கான்கிரீட்டோடு சேர்த்தே போட்டுவிடலாமா?

சிரியஸ்8:
கூடாது, நீங்கள் நடக்கும் அதிர்வெல்லாம் ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) தெரியும். 3 அடி குழியில் தனி அஸ்திவாரம், தரைக்கும் அதற்கும் நடுவே சுற்றிலும் ஒரு அங்குலத் தெர்மகோல். தூண் 6 அங்குல இரும்புக் குழாய். அதைவிடப் பருமன் வேண்டாம், மவுண்ட்டின் அச்சு 11 டிகிரியில் சாய்ந்திருப்பதால் அதன் எதிர் எடைத் தண்டு ஏறக்குறைய நேர்கீழே இறங்கும், தூணில் இடிக்கும். குழாய்க்குள் உலர்ந்த மணல் நிரப்புங்கள்.