ஊவே ஸேலர்: ஹாம்பர்க்கில் நாங்கள் கண்டவை

2006-ஆம் ஆண்டு வேலை நிமித்தமாக ஹாம்பர்க் வந்து சேர்ந்த எனக்கு, ஜெர்மன் கால்பந்து வீரர் ஊவே ஸேலர் முதலில் ஒரு காலாகத்தான் அறிமுகமானார். ஃபோல்க்ஸ்பார்க் மைதானத்தின் வெளியே வெண்கலத்தில் வார்த்த வலது பாதம் ஒன்று நிற்கிறது. முழு உருவம் கிடையாது, கணுக்காலோடு முடிந்துவிடுகிறது. ஆளுயரத்தைவிட உயரமான, ஏறத்தாழ நான்கு டன் எடையுள்ள அந்தப் பாதத்தை 2005-இல் நிறுவியிருக்கிறார்கள். நான் பார்த்த அன்று தூறல் விழுந்துகொண்டிருந்தது. பெருவிரல் நகத்தின் ஓரத்தில் மழைநீர் தேங்கியிருக்க, பிள்ளைகளைத் தூக்கி உட்காரவைத்துப் படம் எடுத்துப் படம் எடுத்தே விரல்கள் மட்டும் பளபளத்துப் போயிருந்தன. என்னை அழைத்துச் சென்றவர் ஓய்வு பெற இரண்டு ஆண்டுகளே இருந்த சக ஊழியர். "இது யாருடைய கால்?" என்று அவரிடம் கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, ஆனால் ஆட்டத்தின் முதல் பாதி முழுவதும் எனக்குப் பாடம் நடந்தது. (ஆங்கிலம் வழியாகப் படித்தவர்கள் 'சீலர்' என்று எழுதுவதுண்டு, இந்த ஊரில் அப்படிச் சொன்னால் திருத்துவார்கள்.)

பாடத்தின் சாரம் இதுதான். 1936-இல் இதே ஊரில், துறைமுகத் தொழிலாளியும் பந்தாட்டக்காரருமான ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர். ஆடிய காலம் முழுவதும் ஹாம்பர்க் கால்பந்துக் கழகத்தை, அதாவது ஹா.எஸ்.ஃபௌ-வை, விட்டுப் போகாதவர். உயரம் 170 செண்டிமீட்டருக்கும் குறைவு, ஆனால் தலையால் முட்டிய கோல்களுக்கே பெயர்பெற்றவர். 1963-இல் ஜெர்மனியின் முதல் பிரிவு லீக்கான புண்டஸ்லிகா தொடங்கியபோது அதன் முதல் பருவத்திலேயே 30 கோல்கள் அடித்து முதலிடம் பிடித்தார். தேசிய அணிக்கு 72 ஆட்டங்களில் 43 கோல்கள். 1958 முதல் 1970 வரை நான்கு உலகக் கோப்பைகளில் ஆடினார். இருந்தும் கோப்பை கைக்கு வரவில்லை. மேற்கு ஜெர்மனி 1954 ஜூலையில் உலகக் கோப்பையை வென்றது. இவர் அக்டோபரில், 17 வயதில், அணிக்குள் வந்தார். 1970-இல் தேசிய அணியிலிருந்து விடைபெற்றார், 1972-இல் ஐரோப்பியக் கோப்பையும் 1974-இல் இரண்டாவது உலகக் கோப்பையும் வந்தன. இரண்டு திருவிழாக்களுக்கு நடுவே ஊருக்கு வந்து போனவரைப் போன்ற இந்தக் கணக்கை என் சக ஊழியர் விரல்விட்டு எண்ணிக் காட்டிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஸேலரை நேரில் பார்த்தது மறு ஆண்டு, வெகு தொலைவிலிருந்து. பிரதான பார்வையாளர் பகுதியில் வழுக்கைத் தலையோடு குள்ளமான முதியவர் ஒருவர் படியிறங்கி வர, அந்த வரிசை முழுவதும் வழிவிட எழுந்தது. அவர் பிரமுகர்களைத் தாண்டிப் போகாமல், எழுந்த ஒவ்வொருவருக்கும் கைகொடுத்துக்கொண்டே போனதால், இருக்கைக்குச் சேர்வதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது.

* * *

மேலே எழுதிய தம்பி காலில் தொடங்கினார். நான் 1985-இல் அகதியாக ஹம்பேர்க் வந்தவன். அப்போது அந்தச் சிலை இல்லை, ஆனால் ஆள் இருந்தார். நான் கோப்பை கழுவிய உணவகத்தின் சுவரில் அவருடைய படம் ஒன்று மாட்டியிருந்தது: 1966, வெம்ப்ளி மைதானம், தலை குனிந்தபடி அணித்தலைவர் வெளியே நடக்கிறார். இங்கிலாந்திடம் 4-2 என்று இறுதி ஆட்டத்தில் தோற்ற நாள் அது. அந்தப் படம் ஆட்டம் முடிந்தபின் எடுத்ததா, இடைவேளையில் எடுத்ததா என்பதில் இங்கே இன்றும் வாக்குவாதம் இருக்கிறது. முதலாளிக்கு அந்தச் சந்தேகமே பிடிக்காது.

1961-ஆம் ஆண்டுக் கதையையும் முதலாளிதான் சொன்னார். இன்டர் மிலான் கழகத்தின் பயிற்றுநர் எலேனியோ எர்ரேரா ஹம்பேர்க்குக்கே வந்து, நாட்கணக்கில் தங்கிப் பேசினார். பத்து இலட்சம் மார்க்குக்கும் மேற்பட்ட தொகை என்று சொல்வார்கள். அந்தக் காலத்தில் ஜேர்மனியில் ஒப்பந்த ஆட்டக்காரருக்கு மாதம் சில நூறு மார்க்குக்கு மேல் கழகம் கொடுக்க முடியாது என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அதன் கனம் புரியும். ஸேலர் மறுத்துவிட்டார். இதை ஊர்ப்பற்று என்று மட்டும் எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. துறைமுக நகரத்துப் பிள்ளைகள் பலரைப் போலச் சரக்கு அனுப்பும் தொழிலில் பயிற்சி பெற்றவர் அவர். அந்த நாட்களில் அடிடாஸ் நிறுவனத்தின் வட ஜேர்மனிப் பிரதிநிதியாகவும் இருந்தார். கார் நிறையக் காலணிப் பெட்டிகளோடு கடை கடையாக ஏறி இறங்குவதும், பின்னேரம் பயிற்சிக்குத் திரும்புவதுமாக வாழ்ந்தவருக்கு, கால் உடைந்தாலும் உடையாத ஒரு தொழில் கையில் இருந்தது. அகதியாக வந்து நிரந்தர வேலை தேடி அலைந்த எனக்கு அந்தக் கணக்கு உடனே விளங்கியது.

அவரை நான் அருகில் கண்டது தொண்ணூறுகளின் நடுவில், ஒரு கடைத்திறப்பு விழாவில். அட்டையில் கையெழுத்திட முன் என் பெயரைக் கேட்டார். பத்து எழுத்துக்குக் குறையாத பெயர். பாதியில் பேனா நின்றது. தலை நிமிர்த்தி என்னைப் பார்த்தார், நான் எழுத்துக்கூட்டினேன், கடைசி எழுத்துவரை எழுதி முடித்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. அந்த அட்டை இன்றும் வீட்டில் சாமிப்படங்களுக்குக் கீழே இருக்கிறது. மனைவி இரண்டு முறை இடம் மாற்றியும் திரும்பி வந்துவிட்டது.

கழகத் தலைவராக 1995 முதல் 1998 வரை இருந்ததை அவருடைய நல்ல காலம் என்று நான் சொல்லமாட்டேன். நிர்வாகத்தின் நிதி விவகாரங்கள் சிக்கலாகி, அவர் பதவியை விட்டு விலகினார். ஆடுகளத்தில் அவருக்கிருந்த கண் கணக்குப் புத்தகத்துக்கு இல்லை என்று உணவகத்தில் பேசிக்கொண்டோம். ஆனால் ஒருவர்கூட அவரை 'உன்ஸ் ஊவே', அதாவது 'எங்கட ஊவே', என்று சொல்வதை நிறுத்தவில்லை.

இன்னொன்று: கழக ஆட்டத்திலிருந்தும் ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் கழித்து, 1978-இல், அயர்லாந்தின் கோர்க் செல்டிக் அணிக்காக ஒரேயொரு ஆட்டம் ஆடி இரண்டு கோல் போட்டார். அணி 6-2 என்று தோற்றது. அது காட்சி ஆட்டம் அல்ல, உண்மையான லீக் ஆட்டம் என்பதே அவருக்குப் பிறகுதான் தெரியவந்ததாம்.

* * *

நான் இங்கே இயன்முறை சிகிச்சையாளராகப் பணிபுரிகிறேன். பந்தாட்டம் எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் குதிகால் தசைநார் அறுந்து வரும் வயதான நோயாளிகளில் யாராவது ஒருவர் இந்தப் பெயரைச் சொல்லாமல் இருக்கமாட்டார். 1965 பிப்ரவரியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஆடும்போது ஸேலரின் குதிகால் தசைநார் அறுந்தது. அன்றைய நிலையில் அது ஆட்ட வாழ்க்கையின் முடிவு என்றே கருதப்பட்டது. அடிடாஸ் நிறுவனர் அடி டாஸ்லர் அவருக்கென்று தனிக் காலணி செய்துகொடுத்தார். செப்டம்பரில், அதாவது ஏழே மாதங்களில், ஸ்டாக்ஹோமில் சுவீடனுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் இறங்கி, 2-1 என்று வென்ற ஆட்டத்தின் வெற்றி கோலையும் அவரே அடித்தார். பின்னாளில் புகழ்பெற்ற பெக்கன்பவர் தேசிய அணிக்கு முதன்முதலாக ஆடியதும் அந்த ஆட்டத்தில்தான். ஏழு மாதம் என்பது இன்றைய சிகிச்சை முறைகளோடும் மெதுவான கணக்கல்ல. ஆகவே, மூன்றாவது மாதத்திலேயே அவசரப்படும் நோயாளியிடம், "ஊவேக்கே ஏழு மாதம் ஆனது" என்று நானும் சொல்லப் பழகிவிட்டேன். ஹாம்பர்க்காரர்களிடம் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

பிற்காலத்தில் அவர் உடல் அவரைச் சும்மா விடவில்லை. 2010-இல் எல்பே சுரங்கப்பாதை அருகே நடந்த கார் விபத்துக்குப் பின் ஒரு காது கேட்கவில்லை. 2020-இல் வீட்டில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. புண்டஸ்லிகாவில் தொடக்கம் முதல் இடைவிடாமல் ஆடிவந்த அவருடைய கழகம் 2018-இல் முதன்முறையாகக் கீழிறங்கியதையும் பார்த்துவிட்டு, மேலே வருவதைப் பார்க்காமலே, 2022 ஜூலை 21 அன்று ஹாம்பர்க்கை ஒட்டிய நோர்டர்ஷ்டெட்டில் காலமானார். ஆகஸ்டில் மைதானத்திலேயே நடந்த அஞ்சலிக்குச் சென்றிருந்தேன். அத்தனை பேர் கூடியிருந்தும் அந்த இடம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

2025 மே 10 அன்று உல்ம் அணியை 6-1 என்று வென்று கழகம் மீண்டும் முதல் பிரிவுக்கு ஏறிய இரவில், கூட்டம் கலையட்டும் என்று அந்த வெண்கலக் காலருகே ஒதுங்கி நின்றேன். இளைஞர்கள் சிலர் அதன் கணுக்காலில் கழுத்துத்துண்டு கட்டப் பார்த்தார்கள், ஒன்று எட்டவில்லை. இரண்டை முடிந்து பார்த்தார்கள், அப்போதும் எட்டவில்லை. ஒதுங்கி நின்ற பெரியவர் ஒருவர் தம் கழுத்திலிருந்த, சாயம் போன துண்டைக் கழற்றி ஒன்றும் பேசாமல் நீட்டினார். பிறகும் போதாமல், நான்காவதாக என்னுடையதையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.