கிராமத்தில் தங்கிப் படிப்பது ஏன் ஏழாம் பருவம் வரை காத்திருக்க வேண்டும்?

கேள்வி (இளநிலை வேளாண்மை, நான்காம் ஆண்டு மாணவி)

அனைவருக்கும் வணக்கம். ராவே என்று நாங்கள் சொல்லும் கிராமப்புற வேளாண் பணி அனுபவத் திட்டத்துக்காகப் பொள்ளாச்சிப் பக்கத்து ஊர் ஒன்றில் தோழியருடன் தங்கிவிட்டு அண்மையில்தான் கல்லூரிக்குத் திரும்பினேன்.

அங்கே ஒரு தோப்பில் தென்னைக்கு வேர்வழியாக டானிக் என்னும் ஊட்டக் கரைசலைக் கட்டும் முறையைச் செய்து காட்டச் சென்றோம். மரத்துக்கு 40 மில்லி டானிக்குடன் 160 மில்லி தண்ணீர், ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் மண்ணைத் தோண்டியதும் எந்த வேரில் கட்டுவது என்று தெரியாமல் கை நின்றுவிட்டது. தோப்புக்கார அம்மா அருகில் குந்தி, கறுத்து இறுகிய வேர்களை விரலால் ஒதுக்கி, பென்சில் பருமனில் வெளிர்சிவப்பாக இருந்த உயிர்வேர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நுனியைச் சாய்வாகச் சீவி, கரைசல் இருந்த பையின் அடியைத் தொடும்படி நுழைத்து நூலால் கட்டினேன்.

பிறகு அவர், "இதைக் கட்டினா குரும்பை கொட்டறது நின்னுபோயிருமா கண்ணு?" என்று கேட்டார். தேர்வாக இருந்திருந்தால் உடனே விடை எழுதியிருப்பேன். என் சொல்லை நம்பி அவர் பணம் செலவழிப்பார் என்று தோன்றியதும், தண்ணீர்ப் பற்றாக்குறையா, ஊட்டக் குறைவா, பூச்சியா என்று பார்க்காமல் சொல்ல முடியாது என உணர்ந்தேன். எதற்காகப் படிக்கிறேன் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. இதை முதலாம் ஆண்டிலேயே சந்தித்திருந்தால் பயிர் வினையியலையும் மண்ணியலையும் வேறு விதமாகப் படித்திருப்பேன் அல்லவா? அப்படிப் படித்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1 (காந்திகிராமப் பழைய மாணவர்)

தங்கைக்கு வணக்கம். சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் 1956-இல் தொடங்கிய காந்திகிராமக் கிராமியக் கல்வி நிலையத்தில் படித்தவன் நான். கிராமத் தங்கல் என்பது அங்கே எல்லாத் துறையினருக்கும் பழக்கமான ஒன்று. ஊருக்குப் போன முதல் நாள்களில் என்னால் யாருக்கும் பயன் இல்லை, உண்மைதான். ஆனால் திரும்பி வந்தபின் பாடப்புத்தகத்தில் நான் தேடியவை மாறிவிட்டன. 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியின் கருத்தும் இதுவே: கைத்தொழிலைக் கூடுதல் பாடமாகச் சேர்ப்பதன்று, அதன் வழியாகவே மற்றப் பாடங்களைக் கற்பது. நாம் செய்முறையைப் படிப்பின் கடைசியில் கொண்டுபோய் ஒட்டிவிடுகிறோம் என்பதே என் வருத்தம்.

மறுமொழி 2 (விவசாயி, ஈரோடு மாவட்டம்)

எங்கள் ஊருக்கு ஆண்டுதோறும் மாணவர்கள் வருகிறார்கள். கோயில் திடலில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போட்டு, கிணறு, ஓடை, களம் எல்லாவற்றையும் எங்களிடம் கேட்டுக் குறிக்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் நிழற்படம் எடுத்த மாலையே வரைபடம் காற்றோடு போய்விடுகிறது. பதிவேடு கல்லூரிக்குப் போய்விடுகிறது. மறு ஆண்டு வேறு பிள்ளைகள் வந்து அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். எந்தக் கிணறு எந்த மாதம் வற்றியது என்று ஆண்டுவாரியாக எழுதிய ஏடு ஒன்று ஊரில் இருந்தால் எங்களுக்கு எவ்வளவு உதவும்! முதலாம் ஆண்டில் வந்தாலும் நான்காம் ஆண்டில் வந்தாலும், எங்களிடம் வாங்கியதை எங்களுக்கும் கொடுத்துவிட்டுப் போங்கள், அம்மா.

மறுமொழி 3 (வேளாண் கல்லூரி ஆசிரியர்)

முதலாம் ஆண்டு மாணவரை ஆலோசனை சொல்ல அனுப்புவதை நான் ஏற்கமாட்டேன்; தவறான மருந்தளவு ஒருவருடைய ஒரு போகத்தையே கெடுத்துவிடும். ஆனால் கேட்கவும் களையெடுக்கவும் கணக்கு எழுதவும் அனுப்பலாம். அதே ஊருக்கே ஏழாம் பருவத்திலும் அனுப்பினால், முதல் முறை எழுதிவந்த கேள்விகளுக்கு விடையோடு போவார்கள். ஐயா கேட்ட ஏடும் தானே உருவாகும். விடுமுறையை ஒட்டி ஒரு வாரம் ஒதுக்கினால் போதும், பாடத்திட்டம் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஐயா, எங்கள் குழுவின் கிணற்றுக் கணக்கையும் வரைபடத்தையும் படியெடுத்து, டானிக் கட்டிய மரங்களைப் பார்க்கப் போகும்போது அந்த ஊரில் கொடுத்துவிடுகிறேன். ஊராட்சி அலுவலகத்தில் கொடுப்பது நல்லதா, பால் சங்கத்தில் கொடுத்தால் கூடுதல் பேர் பார்ப்பார்களா?

மறுமொழி 2 எழுதியவர்

பால் சங்கத்தில் கொடுங்கள், அம்மா. காலையும் மாலையும் ஊரே அங்கு வரும்.