சோமாலியரின் துயரத்துக்கு ஊற்று மொகதிஷுவா, அண்டை நாட்டுத் தலைநகரங்களா?

கரிசல்மைந்தன்:

கிழக்கு ஆப்பிரிக்காவில் எந்த நாட்டில் அரசியல் குலைந்தாலும் அதன் அடி முதலில் சோமாலியர் தலையில்தான் விழுகிறது என்ற கருத்து இங்கே பலராலும் சொல்லப்படுகிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. என் பார்வையில் நடப்பது இதற்கு நேர்மாறானது: சோமாலியாவின் நிலைகுலைவுதான் அண்டை நாடுகளையும், அங்கே தலைமுறைகளாக வாழும் சோமாலியரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது.

1988இல் வடக்குச் சோமாலியாவின் ஹர்கெய்சா நகரத்தின் மீது குண்டு வீசியது அயல்நாட்டுப் படை அல்ல. சோமாலிய அதிபர் சியாத் பார்ரே அரசின் போர் விமானங்கள் அதே நகரத்தின் விமான நிலையத்திலிருந்து கிளம்பி அந்நகர மக்கள் மீதே குண்டுகளைக் கொட்டின. 1991 ஜனவரியில் அவர் தப்பியோடிய பிறகு குலத் தலைவர்களின் படைகள் மொகதிஷுவைத் தெருத்தெருவாகப் பங்கிட்டுக்கொண்டன. அப்போது ஓடிவந்தவர்களுக்காகக் கென்யாவில் திறக்கப்பட்ட தாதாப் முகாம்கள் 90,000 பேருக்கென அமைக்கப்பட்டவை. 2011ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது அங்கே ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் இருந்தனர். இத்தனை பெரிய சுமையைத் தாங்கிய நாட்டில் சோமாலிய ஆயுதக் குழுவான அல் ஷபாப் 2013இல் நைரோபியின் வெஸ்ட்கேட் வணிக வளாகத்தில் 67 பேரையும், 2015 ஏப்ரல் 2 அன்று வடகிழக்கு நகரமான கரிஸ்ஸாவின் பல்கலைக்கழகத்தில் 148 பேரையும் கொன்றது. இதற்குப் பின் ஓர் அரசு தன் எல்லையையும் தன் குடிமக்கள் பட்டியலையும் கடுமையாகச் சோதிப்பதில் வியப்பென்ன இருக்கிறது?

நெய்தல்செல்வி:

கரிசல்மைந்தன் அவர்களே, நீங்கள் சொன்ன நிகழ்வுகள் அனைத்தும் உண்மை. ஆனால் உங்கள் கணக்கு 1988இல் தொடங்குவதால்தான் விடை உங்களுக்குச் சாதகமாக வருகிறது. கென்யச் சோமாலியரின் கதையை 1962இலிருந்து பாருங்கள். பிரித்தானியர் அமைத்த ஆணையம் கென்யாவின் வடகிழக்கை உள்ளடக்கிய வட எல்லை மாவட்டத்தில் விசாரித்தபோது, அங்கிருந்த சோமாலியரில் மிகப் பெரும்பான்மையினர் சோமாலியாவுடன் சேரவே விரும்பினர். அந்த விருப்பத்தைப் புறந்தள்ளி, 1963இல் அப்பகுதி கென்யாவோடு விடப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் பிறப்பிக்கப்பட்ட நெருக்கடிநிலைச் சட்டங்கள் 1991 வரை அங்கே நீடித்தன. நாட்டின் பிற பகுதிகளில் தேர்தல்களும் நீதிமன்றங்களும் இயல்பாக இயங்கிக்கொண்டிருந்தபோது, வடகிழக்கில் ஒரு தலைமுறை முழுவதும் நெருக்கடிநிலையிலேயே பிறந்து வளர்ந்தது.

1984 பிப்ரவரியில் வடகிழக்கு நகரமான வாஜிருக்கு அருகிலுள்ள வகல்லா விமான ஓடுதளத்தில் தெகோதியா குல ஆண்களை அடைத்துவைத்து, தண்ணீரின்றி வெயிலில் வாட்டி, சுட்டும் கொன்றது கென்ய இராணுவம். கொல்லப்பட்டவர்கள் 57 பேர் என்று அரசு சொன்னது. 2013இல் வெளிவந்த உண்மை, நீதி, நல்லிணக்க ஆணையத்தின் அறிக்கையோ அந்த எண்ணிக்கை ஆயிரத்தை நெருங்கும் என்றது. வகல்லாவுக்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பு, 1982 ஆகஸ்டில், விமானப்படையினர் சிலர் ஆட்சியைக் கவிழ்க்க முயன்றபோது, கென்ய அதிபர் டேனியல் அரப் மோயின் ஆட்சியைக் காத்துக் கொடுத்த படைத்தளபதி மஹ்மூத் முகமது ஒரு சோமாலியர் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். 1989இல் நாடெங்கும் சோமாலியரை மட்டும் தனியே சோதித்து, தேறியவர்களுக்கு இளஞ்சிவப்பு அட்டை கொடுத்தார்கள். இவை அனைத்தும் நடந்தபோது மொகதிஷுவில் ஓர் அரசு இருந்தது. அல் ஷபாப் இல்லை, தாதாப் இல்லை.

கரிசல்மைந்தன்:

வகல்லாவை எவரும் நியாயப்படுத்த முடியாது. ஆயினும், நைரோபியின் அச்சம் வெறும் கற்பனை அல்ல என்பதையும் நீங்கள் ஏற்க வேண்டும். சோமாலியர் வாழும் ஐந்து நிலப்பகுதிகளையும் குறிக்கும் ஐந்து முனை நட்சத்திரத்தைத் தன் கொடியில் வைத்துக்கொண்ட நாடு சோமாலியா. 1960களில் வடகிழக்குக் கிளர்ச்சியாளர்களுக்கு அது ஆயுதம் கொடுத்தது. 1977இல் சியாத் பார்ரேயின் படை, எத்தியோப்பியாவில் சோமாலியர் வாழும் ஒகாடெனுக்குள் புகுந்தது. கியூபப் படையும் சோவியத் ஆயுதங்களும் எத்தியோப்பியாவுக்குத் துணை நின்றதால் 1978 மார்ச்சில் தோற்றுத் திரும்பியது. அந்தத் தோல்விக்குப் பின் இலட்சக்கணக்கில் அகதிகளானவர்கள் ஒகாடெனின் சோமாலியரே. அவர்களைக் காப்பதாகச் சொல்லித் தொடுக்கப்பட்ட போர் அவர்களையே வீடிழக்கச் செய்தது.

மேலும், கென்ய அரசை ஒரே முகமாகப் பார்ப்பது பிழை. நகரங்களில் வாழும் அகதிகளை முகாம்களுக்கு விரட்டும் ஆணையை 2013இலும், தாதாப் முகாமை மூடும் முடிவை 2017 பிப்ரவரியிலும் தடுத்து நிறுத்தியது கென்யாவின் உயர் நீதிமன்றம். 2011 அக்டோபரில் கென்யப் படை சோமாலியாவுக்குள் நுழைந்தபோது பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் யூசுப் ஹாஜி. அவரும் ஒரு கென்யச் சோமாலியர்தாம்.

அமுதன் (நைரோபி):

துணி வணிகம் தொடர்பாக நைரோபியின் ஈஸ்ட்லி பகுதிக்கு அடிக்கடி சென்று வருபவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். துபாயிலிருந்தும் சீனாவிலிருந்தும் வரும் துணி மூட்டைகள் அடுக்கடுக்கான வணிக வளாகங்களில் பிரிக்கப்பட்டு, உகாண்டா, தென் சூடான் வரை போகின்றன. அந்தச் சந்தையைக் கட்டியெழுப்பியவர்களில் பெரும்பாலோர் சோமாலியர். 2014 ஏப்ரலில், ஆயிரக்கணக்கான காவலர்கள் அதே தெருக்களில் வீடு வீடாகப் புகுந்து மக்களை அள்ளிச் சென்று கசராணி விளையாட்டரங்கில் அடைத்தார்கள். உள்ளே இருந்தவர்களில் அகதிகளும் இருந்தார்கள், கென்யக் குடிமக்களும் இருந்தார்கள். அட்டையைக் காட்டியும் பணம் கேட்கப்பட்டதாக எனக்குத் தெரிந்த கடைக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். அடுத்த ஆண்டு கரிஸ்ஸா தாக்குதலுக்குப் பின் 13 பணப் பரிமாற்ற நிறுவனங்களின் உரிமத்தைச் சில வாரங்களுக்கு நிறுத்தி வைத்தபோது, சோமாலியாவில் அந்தப் பணத்தை எதிர்பார்த்து அரிசியும் மருந்தும் வாங்கும் குடும்பங்களின் கைதான் முதலில் காய்ந்தது.

கரிஸ்ஸாவில் பதினெட்டு வயது நிரம்பிய ஒரு பிள்ளை அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தால் என்ன நடந்தது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். பிற மாவட்டத்துப் பிள்ளை பிறப்புச் சான்றிதழையும் பெற்றோரின் அட்டையையும் கொடுத்துவிட்டு வீடு திரும்பலாம். இவரோ ஊர்ப் பெரியவர்களும் அதிகாரிகளும் கொண்ட குழுவின் முன் நிற்க வேண்டியிருந்தது; தாத்தாவின் அட்டை எங்கே, எந்தக் குலம், எந்தக் கிணற்றடியில் குடும்பம் தங்கியிருந்தது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்ல வேண்டியிருந்தது. குழு கூடும் நாளே ஆண்டுக்குச் சில முறைதான் வந்தது. வறட்சிக் காலத்தில் உணவுப் பங்கீட்டுக்காகத் தாய் முகாமில் பெயர் பதிந்திருந்தால், குழந்தையாக வைத்த கைரேகை அகதிகள் பட்டியலில் கிடக்கும், அட்டை கிடைக்காது. அட்டை இல்லாதவர் சிம் அட்டை வாங்க முடியாது, எம்-பெசா என்னும் கைபேசிப் பணக் கணக்குத் திறக்க முடியாது, நைரோபிக்குப் பேருந்தில் வந்தால் தானா ஆற்றுப் பாலத்துச் சோதனைச் சாவடியில் இறக்கிவிடப்படுவார். கரிசல்மைந்தன் அவர்கள் சொன்ன "கடுமையான சோதனை" நடைமுறையில் இதுதான்.

நெய்தல்செல்வி:

அமுதன் அவர்களுக்கு நன்றி. எத்தியோப்பியாவின் நிலையையும் பார்ப்போம். 2007 ஏப்ரலில் சோமாலியக் கிளர்ச்சி அமைப்பான ஒகாடென் தேசிய விடுதலை முன்னணி அபோலே எண்ணெய் வயலைத் தாக்கி 74 பேரைக் கொன்றது. அதற்குப் பதிலாக அடிஸ் அபாபா எடுத்த நடவடிக்கையில் கிராமங்கள் எரிக்கப்பட்டன, வணிகப் பாதைகள் அடைக்கப்பட்டன; தாக்குதலில் எந்தப் பங்கும் இல்லாத கால்நடை வளர்ப்போர் பட்டினி கிடந்தனர். எத்தியோப்பியாவின் சோமாலி மாநிலத் தலைநகரான ஜிஜிகாவில் ஒகாடென் சிறை என்று அழைக்கப்பட்ட இடத்தில் பல ஆண்டுகளாகச் சித்திரவதை நடந்தது. 2017இல் ஒரோமியா, சோமாலி மாநிலங்களின் எல்லையில் வெடித்த மோதலில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் வீடிழந்தனர். அவர்களில் ஒரோமோக்களும் சோமாலியரும் அடக்கம். 2018இல் அபி அகமது எத்தியோப்பியப் பிரதமராகப் பதவிக்கு வந்த பின், சோமாலி மாநிலத் தலைவர் அப்தி இலே அகற்றப்பட்டார், சிறை மூடப்பட்டது, முன்னணியுடன் அமைதி உடன்பாடு கையெழுத்தானது. மொகதிஷுவில் அந்த ஆண்டு பெரிதாக எதுவும் மாறவில்லை; மாறியது அடிஸ் அபாபா. ஒகாடென் மக்களின் அன்றாடம் எந்தத் தலைநகரத்தின் கையில் இருந்தது என்பதை அறிய இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

நீங்கள் குறிப்பிடும் அல் ஷபாப் எப்படி வளர்ந்தது என்பதும் இதில் அடங்கும். 2006 டிசம்பரில் எத்தியோப்பியப் படை சோமாலியாவுக்குள் நுழைந்து, அப்போது மொகதிஷுவை ஆண்ட இஸ்லாமிய நீதிமன்றங்களின் ஒன்றியத்தைக் கலைத்தபோது, அதில் இருந்த மிதவாதிகள் சிதறினர். அதன் ஆயுதமேந்திய இளைஞர் அணியான அல் ஷபாப்தான் அயலார் ஆக்கிரமிப்பை எதிர்க்கும் படையாகத் தன்னைக் காட்டிக்கொண்டு பெருகியது.

கரிசல்மைந்தன்:

அந்தப் படையை நம்பி மொகதிஷுவுக்குள் வந்தவர் அன்றைய இடைக்கால அரசின் தலைவர் அப்துல்லாஹி யூசுப் என்பதை விட்டுவிட்டீர்கள். அயலார் வந்தார்கள் என்பது பாதி உண்மை. கதவைத் திறந்துவிட்டது ஒரு சோமாலியத் தரப்பு என்பது மீதிப் பாதி. 2021 பிப்ரவரியில் சோமாலிய அதிபர் ஃபர்மாஜோவின் பதவிக்காலம் முடிந்தும் தேர்தல் நடக்காமல், ஏப்ரலில் பதவி நீட்டிப்புக்கு எதிராக மொகதிஷுத் தெருக்களில் படைப்பிரிவுகள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டதற்கு நைரோபியோ அடிஸ் அபாபாவோ காரணம் அல்ல. 2023இல் லாஸ் அனோட் நகரத்தை மாதக்கணக்கில் பீரங்கியால் தாக்கியது, சோமாலியாவிலிருந்து தன்னைத் தனி நாடாக அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்தின் படை. அங்கிருந்து ஓடிய இலட்சம் பேர் அளவிலான மக்களுக்கு இடம் கொடுத்தது, நீங்கள் குற்றம் சாட்டும் அதே எத்தியோப்பியா. தன் மக்களுக்காக வெளியே பேசுவதற்கு வலுவான அரசு ஒன்று இல்லாதவரை, அண்டை நாடுகளின் மனமாற்றத்தை நம்பியிருக்கும் நிலை தீராது.

நெய்தல்செல்வி:

லாஸ் அனோட் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். ஆனால், கரிஸ்ஸாவில் பிறந்த கென்யக் குடிமகளுக்காகப் பேச வேண்டியது மொகதிஷுவா, நைரோபியா? அவர் தன் சொந்த நாட்டிடம்தான் அட்டை கேட்கிறார். கென்யச் சோமாலியரின் உரிமையைச் சோமாலியாவின் நலத்தோடு முடிச்சுப் போடுவதே 1963 முதல் அவர்களுக்கு எதிராகக் கையாளப்படும் வாதம். அதை நாமும் எடுத்தாள்வது எனக்கு வேதனை தருகிறது. வடகிழக்கு மக்களுக்கு மட்டும் இருந்த அந்தத் தனி விசாரணைக் குழு முறையை நீக்கும் ஆணையில் 2025 பிப்ரவரியில் அதிபர் வில்லியம் ரூட்டோ கையெழுத்திட்டார். அல் ஷபாப் அன்றும் ஒழியவில்லை, எல்லையில் தாக்குதல்களும் நிற்கவில்லை. அப்படியிருந்தும் நீக்க முடிந்தது என்றால், இத்தனை ஆண்டுகளாக அதை நிலைநிறுத்தி வைத்திருந்தது எது என்று எனக்கு விளக்குங்கள்.

அமுதன் (நைரோபி):

அந்த ஆணைக்கு இங்கே எதிர்ப்பும் எழுந்தது. எல்லை திறந்துவிடப்படுகிறது என்றார்கள் சிலர்; வடகிழக்கின் வாக்குகளைக் கணக்கிட்டே இது செய்யப்பட்டது என்றார்கள் வேறு சிலர். 2027 ஆகஸ்டில் பொதுத் தேர்தல் வருகிறது. அதற்குள் அட்டை பெற்றுவிட வேண்டும் என்பதே ஈஸ்ட்லியில் எனக்குத் தெரிந்த இளைஞர்களின் பேச்சாக இருக்கிறது. தேர்தலுக்குப் பின் யார் வருவார், எதை மாற்றுவார் என்று அவர்களுள் எவரும் உறுதியாகச் சொல்வதில்லை.