புதுப்பிப்பு: உண்மை கண்டறியும் சோதனைக்கு என் தம்பி ஒப்புக்கொள்ளவில்லை

வேலை பார்க்கும் இடத்தில் பணம் காணாமல் போன விவகாரத்தில், அதில் எந்தத் தொடர்பும் இல்லாத என் தம்பி உண்மை கண்டறியும் சோதனைக்கு (பாலிகிராஃப் கருவி கொண்டு செய்வது) சம்மதிக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயம் எதற்கு என்றே பலரும் பதிலளித்திருந்தீர்கள். வழக்கறிஞரிடம் கலந்து பேசிய பின் அவன் மறுத்துவிட்டான்.

இந்தச் சோதனையில் மார்பிலும் வயிற்றிலும் சுற்றப்படும் குழாய்கள் மூச்சையும், கையில் கட்டும் பட்டை இரத்த அழுத்தத்தையும், விரல்களில் பொருத்தும் தகடுகள் வியர்வையையும் அளக்கின்றனவே தவிர, பொய்யை அளப்பது எதுவும் அங்கே இல்லை. "பணத்தை எடுத்தாயா?" என்று கேட்டதும் அவமானத்தால் துடிக்கும் நெஞ்சையும் குற்ற உணர்வால் துடிக்கும் நெஞ்சையும் கருவி வரையும் கோடுகள் பிரித்துக் காட்டுவதில்லை. மறுபுறம், சோவியத் ஒன்றியத்துக்கு உளவு சொன்ன, அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986, 1991 ஆகிய ஆண்டுகளில் இச்சோதனையில் தேறியவர், 1994இல்தான் கைதானார்.

மறுத்தால் சந்தேகம் கூடும் என்ற கவலை நியாயமானதே. ஆனால் சோதனையை ஒட்டி நடக்கும் நீண்ட விசாரணையில், களைத்துப்போன ஒருவர் வாய்தவறிச் சொல்லும் சொல் வாக்குமூலமாகிவிடக்கூடும் என்பதே எனக்குப் பெரிய அச்சமாக இருந்தது. ஆகவே பணிநேரப் பதிவுகளையும் வங்கி விவரங்களையும் வழக்கறிஞர் மூலம் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்திருக்கிறோம். விசாரணை தொடர்கிறது; சோதனையைப் பற்றி விசாரிப்பவர்கள் மீண்டும் பேசவில்லை.