புதுப்பிப்பு: எங்கள் தெரு உணவுக் கூட்டுறவு தொடங்கியாச்சு
வேளச்சேரியில் எங்கள் தெருவில் உணவுக் கூட்டுறவு (பல வீடுகள் பணம் போட்டு, உணவுப் பொருளை மொத்தமாக வாங்கிப் பிரித்து விற்கும் அமைப்பு) தொடங்கினால், அக்கம்பக்கத்தார் வீட்டுக்கு 500 ரூபாய் பங்குப் பணம் போடுவார்களா என்று மூன்று மாதத்துக்கு முன் உங்களிடம் கேட்டிருந்தேன். தொடங்கிவிட்டோம். இப்போது 31 வீடுகள்.

500 ரூபாய் யாருக்கும் பெரிதாகப் படவில்லை. பயம் வேறு. ஏலச்சீட்டில் பணத்தை இழந்த ஓர் அக்கா, "பொருள் வாங்கிக்கிறேன் தம்பி, கையெழுத்து மட்டும் கேட்காதே" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு சிலர், உறுப்பினரானால் மாதாமாதம் வாங்கியே ஆக வேண்டுமோ என்று தயங்கினார்கள்.

நீங்கள் பலர் சொன்னபடி, சேராதவர்களுக்கும் அதே விலைக்கே விற்றோம். கொள்முதல் விலை, வண்டிக்கூலி, விற்பனை விலை மூன்றையும் எழுதிப் படிக்கட்டருகே ஒட்டினோம். ஆட்கள் நின்று படித்தார்கள்!

அப்புறம் ஒரு கூட்டத்தில் எதிர்வீட்டுத் தாத்தா, 1904-இல் தொடங்கிய திருவல்லிக்கேணி கூட்டுறவுச் சங்கத்தில் தன் அப்பா அரிசி வாங்கியதைச் சொன்னார். 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேலில் 28 பேர் ஆளுக்கு ஒரு பவுண்டு போட்டுக் கடை திறந்ததையும், மிஞ்சிய லாபத்தை அவரவர் பொருள் வாங்கிய அளவுக்கேற்பப் பிரித்ததையும் நான் சொன்னேன். எத்தனை பங்கு இருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு என்றதும் பலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த அக்கா மறுவாரம் தானே வந்து கையெழுத்துப் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மூட்டை பிரித்து எடை போடும் வேலை மட்டும் அதே நான்கு பெண்கள் தலையில் விழுகிறது. இந்த ஞாயிறு கூட்டத்தில் முதலில் அதைத்தான் பேசப்போகிறோம்.