பழைய ஜெர்மன் ராணுவப் போட்டோக்களில் கழுத்துச் சிலுவையைப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டா?

பழம்பெட்டி:
பெர்லின் ஞாயிற்றுச் சந்தை. அட்டையில் ஒட்டிய பழைய போட்டோ. விறைப்பாக ஒரு பிரஷ்ய அதிகாரி, கழுத்தில் எட்டு முனைச் சிலுவை, கரங்களுக்கு நடுவே கழுகுகள். பிரஷ்யாவின் பெரிய போர் விருதான "பூர் லெ மெரிட்" என்றார் கடைக்காரர். கழுகைப் பார்த்ததும் நானும் மயங்கி 60 யூரோ கொடுத்துவிட்டேன். அறைக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்தேன். மேல் கரத்தில் கிரீடமும் 'எஃப்' எழுத்தும், மற்ற மூன்றில் பிரெஞ்சு வாசகமும் இருந்திருக்க வேண்டும். ஒன்றும் இல்லை. கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி வெறும் வெள்ளை. யோஹனிட்டர் சிலுவை! அந்தக் காலத்தில் புராட்டஸ்டன்ட் பிரபுக்களின் தர்ம அமைப்பு அது; போர்க்களமே பார்க்காதவரும் மாட்டிக்கொள்ளலாம்.

துறைமுகத்தான்:
என் கதை பதக்கம் இல்லை, பெயர். ஜெர்மனியில் வாடகை அறை பார்க்கப் போன வீடு. அழைப்புமணி பக்கத்தில் குடும்பப் பெயர், ஒரு சிறு கோடு, அப்புறம் "எம்டன்". சொந்த ஊராக இருக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்கார அம்மாவின் தாத்தா எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலில் இருந்தவராம். உயிர் தப்பியவர்கள் கப்பலின் பெயரைத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொள்ள அனுமதி கிடைத்ததாம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய அதே எம்டன்! வீட்டில் வாலுப் பையனை என் பாட்டி "சரியான எம்டன்" என்றுதான் திட்டுவார். அதை அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். ஏனோ சொல்லாமலே படியிறங்கிவிட்டேன்.

நாடாப்பிரியன்:
பழம்பெட்டி, வெள்ளையாகத் தெரிந்தால் யோஹனிட்டரா? பூர் லெ மெரிட் நீலச் சிலுவை; அந்தக் காலத்துப் போட்டோத் தகட்டில் நீலம் வெளிறித்தான் விழும். அசல் பூர் லெ மெரிட்டே பாதிப் படங்களில் வெள்ளையாகத்தான் இருக்கும்.

நானும் ஏமாந்தவன்தான். முதல் உலகப் போர்ப் பட்டியல் ஒன்றில் வில்ஹெல்ம் லேப், இன்னொன்றில் வில்ஹெல்ம் ரிட்டர் ஃபான் லேப். இரண்டு பேர் என்று நினைத்து என் குறிப்பில் இரண்டு அட்டை எழுதினேன். ஒரே ஆள்! பவேரியாவின் மாக்ஸ் யோசஃப் என்ற போர் விருது கிடைத்தால் 'ரிட்டர் ஃபான்' என்ற பிரபுப் பட்டமும் கூடவே வரும். தம்பி எமில் ஜெனரல் ஆகியும் வெறும் லேப்தான்.

இனி யாராவது இப்படிப் போட்டோ வாங்கினால், பதவி தெரிய முதலில் தோள்பட்டையைப் பாருங்கள். தட்டைப் பட்டையில் நட்சத்திரம் இல்லையென்றால் லெஃப்டினன்ட், ஒன்று ஓபர்லெஃப்டினன்ட், இரண்டு ஹாப்ட்மன், அதாவது கேப்டன். அதே இரண்டு, பின்னல் பட்டையில் இருந்தால் கர்னல். குதிரைப்படையில் ஹாப்ட்மனுக்குப் பெயர் ரிட்மைஸ்டர். அதை ரிட்டரோடு குழப்பாதீர்கள், விமானி ரிக்தோஃபனுக்கு ரிட்மைஸ்டர் என்பது பதவி, பட்டம் இல்லை. பித்தான் துளையில் நாடா இருந்தால் இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவையா பாருங்கள். கறுப்பில் வெள்ளை ஓரம் என்றால் போரிட்டவர், வெள்ளையில் கறுப்பு ஓரம் என்றால் போரிடாதவர். சிலுவையே தெரிந்தால் கீழ்க்கரத்தில் ஆண்டு: 1813, 1870, 1914.

பழம்பெட்டி:
ஐயா, நான் நிறத்தை வைத்துச் சொல்லவில்லை. எழுத்து இல்லை என்றுதான் சொன்னேன். அப்புறம், தோள் இரண்டையும் மேலங்கி மூடியிருக்கிறது.